நைட்ரேட் இல்லாமல் வளர்த்த வாழைக் கன்றுகள்

1. மருந்து அலுமாரி

பொலிஸ் ஜீப் வாசலில் வந்து நின்றபோது நான் தராசில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். கொழும்பு கிருலப்பனையில் நிஸார் ஹாஜியாருக்கு ஒரு பழைய பழக் கிட்டங்கி இருந்தது. அதன் மேல்மாடியில்தான் எங்கள் இழையவளர்ப்புக் கூடம். லாப் என்றே எல்லோரும் சொல்வோம். வாழையின் குருத்தடியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிப் போத்தலுக்குள் வைத்து, அதைப் பெருக்கிப் பெருக்கிக் கன்றுகள் எடுக்கிற வேலை. நான் அங்கே பொறுப்பாளர். எனக்கு உதவியாகக் குசுமா இருந்தாள். கொலன்னாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். சிங்களப் பெண். கத்தியும் இடுக்கியும் பிடிக்கிற கை அவளுக்கு என்னைவிட நிதானம்.

யுத்த காலம். நகரத்தில் குண்டு வெடித்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. வீடு வீடாக, கடை கடையாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அதனால் ஜீப்பைக் கண்டு நான் பதறவில்லை. கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரச் சொன்னதற்குக்கூட மறுப்புச் சொல்லவில்லை. கூட வந்த கொன்ஸ்டபிள் மருந்து அலுமாரியைத் திறந்தார். மேல்தட்டில் இரண்டு பெரிய வெள்ளைப் போத்தல்கள். ஒன்று அமோனியம் நைட்ரேட், மற்றது பொட்டாசியம் நைட்ரேட்.

அவை இல்லாமல் மீடியம் காய்ச்ச முடியாது. மீடியம் என்பது போத்தலுக்குள் கன்று நிற்கிற களி. உப்புகள், சீனி, விற்றமின் எல்லாம் கலந்து அகார் போட்டு இறுக வைப்போம். போத்தலுக்குள் இருக்கும் கன்றுக்கு மண்ணும் அதுதான், சாப்பாடும் அதுதான். ஆனால் அந்த இரண்டு நைட்ரேட்டையும் வெடிமருந்து செய்யவும் எடுப்பார்கள் என்று ஒரு பொலிஸ்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இன்ஸ்பெக்டர் லேபலை வாசித்தார். பிறகு என் அடையாள அட்டையை எடுத்துப் பிறந்த இடத்தை வாசித்தார். யாழ்ப்பாணம். இரண்டையும் மாறி மாறி இன்னொரு முறை பார்த்தார். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எங்கே என்று கேட்டார். அனுமதி வேண்டும் என்ற சட்டம் இறுகியபின் ஹாஜியார் விண்ணப்பித்திருந்தார், பதில் வரவில்லை என்று சொன்னேன். என் சிங்களம் பயத்தில் இன்னும் மோசமாகியிருந்தது.

குசுமா முன்னால் வந்து, “மேக்க பெலவலட்ட தென கேம, சேர்” என்றாள். இது கன்றுகளுக்குக் கொடுக்கிற சாப்பாடு என்று அர்த்தம். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஆனாலும் போத்தல்களை எடுத்துப் பெட்டியில் வைக்கச் சொன்னார். என்னையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். குசுமா வரத் தேவையில்லை என்றார்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஜீப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தால் குசுமா வெள்ளை ஓவர்கோட்டோடு பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறாள். கொன்ஸ்டபிள் ஏதோ சொன்னார். அவள் எனக்குப் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டு, தன் அரைகுறைத் தமிழில் என்னிடம் சொன்னாள்: “மிஸ் தனியா போக வாணாம்.”

2. வாங்கு

ஸ்டேஷனில் ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். யார், எவர், எப்போது கொழும்புக்கு வந்தது, வெள்ளவத்தையில் அக்காவோடு இருக்கிற வீடு யாருடையது, அத்தான் என்ன வேலை செய்கிறார், தம்பிமார் எங்கே என்றெல்லாம் கேட்டார்கள். ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் வந்து கேட்டார்கள். நான் ஒரே பதிலைச் சொன்னேன். உண்மையைச் சொல்கிறபோதும் குரல் நடுங்கும் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

கடைசியாக இன்ஸ்பெக்டர் வந்து, இந்த உப்பிலே வாழை எப்படி வளரும் என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். விளங்கவில்லை என்று அவர் முகம் சொன்னது. அப்போது குசுமா ஓவர்கோட் பொக்கற்றுக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தாள். ஜீப் வந்தபோது கையில் வைத்திருந்ததை அப்படியே பொக்கற்றில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே விரல் நீளத்தில் மூன்று வாழைக் கன்றுகள், வெள்ளை வேர்கள் களிக்குள் இறங்கி.

இன்ஸ்பெக்டர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். இவை உயிரோடுதான் இருக்கின்றனவா என்று கேட்டார். ஓம் என்றேன். மூடியைத் திறக்கப் போனார். திறந்தால் செத்துவிடும் என்று குசுமாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். கையை எடுத்துவிட்டார்.

பின்னேரம் ஹாஜியார் பழைய பற்றுச்சீட்டுகளோடு வந்தார். வெள்ளைச் சேர்ட் வியர்வையில் ஒட்டியிருந்தது. இருட்டுவதற்கு முன்பே என்னை விட்டுவிட்டார்கள். ஆனால் நைட்ரேட் போத்தல்கள் ஸ்டேஷனிலேயே இருக்கும், அமைச்சின் அனுமதி வந்தால்தான் தரமுடியும் என்றார் இன்ஸ்பெக்டர். எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஹாஜியார் கேட்டதற்கு, அது தன் கையில் இல்லை என்று உண்மையாகவே சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

“உந்த வேலை வேண்டாமடி. இஞ்ச இருந்து பிள்ளையளுக்கு சயன்ஸ் ரியூசன் குடு. அது காணும்.”

“வேலை இல்லையெண்டா பொலிஸ் பதிவில கொழும்பில நிக்கிறதுக்கு என்ன காரணம் எழுதுறது அக்கா?”

அது எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்குவதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். எனக்கு அந்த லாப்தான் காரணம். அது மூடினால் அடுத்த பதிவில் என்ன சொல்வேன் என்று தெரியாது. ஆனால் இது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். போத்தல்களில் கன்றுகள் நின்றன. அவற்றின் மீடியம் முடிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை வழக்கமான பஸ்சிலேயே போனேன்.

3. மஞ்சள்

எங்கள் க்ரோத் ரூம் ஒரு நீண்ட அறை. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். சுவரோடு சுவராக இரும்பு ராக்கைகள். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே ரியூப் லைட். மூலையில் ஒரு ஏசி. அந்த அறைக்குள் வெயிலும் இல்லை, மழையும் இல்லை, யுத்தமும் இல்லை என்று முதல் வருடத்தில் நினைத்ததுண்டு.

வாழைக் கன்றை மாதத்துக்கு ஒரு முறையாவது புது மீடியத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் முதலில் அடி இலை மஞ்சளாகும். பிறகு வெட்டிய இடத்திலிருந்து மண்ணிறச் சாறு கசிந்து களி முழுவதும் பரவும். அந்தச் சாறே கன்றைக் கொல்லும். காய்ச்சி வைத்திருந்த மீடியம் குளிர்ப்பெட்டியில் கொஞ்சம் இருந்தது. முழு அறைக்கும் அது எந்த மூலைக்கும் காணாது. போதாதற்கு மின்வெட்டு வேறு. கரண்ட் நின்றால் ஏசி நிற்கும், அறை வேகும், போத்தல்களின் உள்பக்கம் வியர்க்கும்.

இரண்டு கிழமையில் மஞ்சள் தொடங்கிவிட்டது. ஒரு ராக்கையில் கண்டால் அடுத்த நாள் மூன்று ராக்கையில்.

அந்தத் தொகுதிக் கன்றுகளுக்கு ஆள் இருந்தது. தெற்கே ஒரு குடியேற்றக் கிராமத்திலிருந்து சோமபால என்ற விவசாயி, தன் ஊரார் சிலருக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார். அவர்களுடைய வாழைகளில் வைரஸ் வந்து, இலையெல்லாம் உச்சியில் கொத்தாக ஒடுங்கி, முழுத் தோட்டத்தையும் பிடுங்கி எரித்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக் குட்டியை வாங்கி நட்டால் அதே நோய் திரும்ப வரும். போத்தலில் வளர்ந்த சுத்தமான கன்றுதான் வேண்டும் என்று விவசாய அலுவலர் சொல்லி எங்களிடம் வந்தவர். மழை தொடங்குவதற்குள் நட வேண்டும். அந்த ஒரு போகத்தை விட்டால் அவர்களுக்கு இன்னொரு வருடம் வெறும் நிலம்.

ஹாஜியார் தினமும் மேலே ஏறி வந்து பார்த்தார். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“மகள், புறக்கோட்டையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஈக்காரு. சொன்னா நாளைக்கே சாமான் வரும். பில்லும் இல்ல, கேள்வியும் இல்ல.”

எனக்கும் ஆசை இருந்தது. ஒரு சாக்கு நைட்ரேட் வந்தால் எல்லாம் பழையபடி நடக்கும்.

“ஹாஜியார், திரும்பவும் சோதிக்க வந்தா உங்களைக் கேள்வி கேப்பினம். என்னைக் கொண்டு போவினம். இந்தமுறை பின்னேரம் விடமாட்டினம்.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “நான் அத யோசிக்கல்ல. மன்னிச்சிக்கங்க மகள்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப இதுகள் எல்லாம் மௌத்தாப் போறதா?” என்று சாகக் கிடந்த கன்றுகளைக் காட்டிக் கேட்டார்.

போத்தலை விட்டு வெளியில எடுத்துப் பார்ப்பம் என்றேன். அந்த வார்த்தை வாயில் வந்தபிறகுதான் அதைப்பற்றி யோசிக்கவே தொடங்கினேன்.

4. பிரித்து வைத்தது

வழக்கமாக வேர் நன்றாக விட்ட கன்றுகளைப் போத்தலோடே நகருக்கு வெளியேயுள்ள ஒரு நாற்றுமேடைக்கு அனுப்பிவிடுவோம். வலைக்கூடாரத்தில் வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்குவது அவர்களுடைய வேலை. இப்போது எங்களிடம் இருந்தவற்றில் பாதிக்கு வேரே இல்லை. மஞ்சள் விழுந்த, வேரில்லாத கன்றை எந்த நாற்றுமேடைக்காரரும் வாங்கமாட்டார். எங்கள் அறைக்குள்ளேயேதான் பழக்க வேண்டும்.

குசுமாவும் நானும் ஒவ்வொரு போத்தலாக வெளிச்சத்தில் பிடித்துப் பிரித்தோம். வேர் விட்டவை ஒரு பக்கம். வேர் இல்லாத, ஆனால் தண்டு திரண்டவை ஒரு பக்கம். மூன்றாவது, குட்டிக் குட்டி முளைகள் கொத்தாக ஒட்டியிருந்த தாய்க் கொத்துகள். எங்களுடைய நோயற்ற தாய்ச் செடிகளின் தொடர்ச்சி அவைதான். அவை போனால் லாப்பில் மிஞ்சுவது வெறும் போத்தல்.

இருந்த மீடியம் முழுவதையும் தாய்க் கொத்துகளுக்கே கொடுத்தோம். அதையும் பாதிச் செறிவாக்கிக் கொடுத்தோம். ஆகக் கீழ்த்தட்டில் வைத்து, மேலேயிருந்த ரியூப் லைட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டோம். குறைந்த சாப்பாடு, குறைந்த வெளிச்சம், தரையோடு இருக்கிற குளிர். வளராது, ஆனால் சாகவும் மாட்டாது. நித்திரை கொள்ள விட்டோம் என்று குசுமா சொன்னாள்.

மற்றவற்றுக்குத் தேங்காய்த் தும்புத்தூளும் மணலும் கலந்து, கிருமி சாக ட்ரம்மில் ஆவி காட்டினோம். கன்றை இளம் சூட்டுத் தண்ணீரில் மெல்லக் கழுவி, ஒட்டியிருந்த களி முழுவதையும் எடுத்தோம். களியில் சீனி இருக்கிறது. கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பூஞ்சணம் வந்துவிடும். வேர் இல்லாதவற்றின் அடியைப் புதிதாக ஒரு வெட்டு வெட்டி, வேர்மருந்துத் தூளில் தொட்டு நட்டோம்.

முதல் தட்டுகளை வழக்கமான ராக்கையில், ஏசி ஓடுகிற அறையில் வைத்தோம். மத்தியானத்துக்குள் எல்லாம் படுத்துவிட்டன. போத்தலுக்குள் வளர்ந்த இலைக்கு மெழுகுத்தோல் கிடையாது. சுவாசத் துளைகளை மூடவும் அது இன்னும் பழகவில்லை. ஏசி காற்று ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிட்டது.

அடுத்த தட்டுகளைப் பொலித்தீன் பையால் இறுக்கி மூடினோம். அன்று நீண்ட மின்வெட்டு. பைக்குள் ஆவி கட்டி, இரண்டாம் நாள் தண்டு தரையோடு கறுத்து முறிந்தது. தொட்டால் கையோடு வந்தது. காய்ந்தும் சாகிறது, நனைந்தும் சாகிறது. அன்று குசுமா சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கவே இல்லை.

திறக்காத அந்தப் பார்சலைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. சோறு சுற்றுகிற லஞ்ச் சீட் மெல்லியது. விறைப்பில்லை, வெளிச்சம் விடும், ஊசியால் குத்தினால் ஓட்டை விழும். கம்பியை வளைத்துத் தட்டுக்கு மேல் கூடாரம் போல நிறுத்தி, லஞ்ச் சீட்டை மேலே போட்டோம். ஓரத்தைக் கட்டாமல் விட்டோம். ஏசியை நிறுத்தினோம். வடக்குப் பக்க ஜன்னலின் கறுப்புத் துணியைக் கழற்றிக் கதவைத் திறந்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். ரியூப் லைட்டில் பாதியை அணைத்தோம். கரண்ட் வந்தாலும் போனாலும் அறை இனி ஒரே மாதிரி இருக்கும். மின்வெட்டு எங்களை ஆட்டுவது அத்தோடு நின்றது.

கன்றுகள் அடுத்த நாளும் வாடித்தான் நின்றன. ஆனால் படுக்கவில்லை.

5. ஹாஜியாரின் பம்ப்

இதற்குப் பிறகு வந்த பெரிய தொல்லை ஹாஜியார்தான். மனிதர் நல்ல மனிதர். வாடிய கன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஒரு சின்னக் கைப்பம்ப் வாங்கிக்கொண்டு வந்து, கணக்குப் பார்க்க மேலே வருகிற ஒவ்வொரு முறையும் கூடாரத்தைத் தூக்கித் தண்ணீர் அடித்துவிட்டுப் போவார். ஒரு நாள் யூரியா கரைத்த தண்ணீரோடு வந்தார். நான் வழியை மறித்து நின்றேன்.

“தண்ணி காணும் ஹாஜியார். உரம் இப்ப குடுத்தா வேர் கருகிப்போகும். வேரே இன்னும் வரேல்லை.”

“வாடிப்போய் ஈக்கிது மகள். பாக்க ஏலாம ஈக்கி.”

“பாக்காதேங்கோ.”

அவர் சிரித்தார். பம்பை என் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த நாள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டும் போனார். வீட்டில் ரோசாச் செடிக்கு அடிக்கப் போகிறாராம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அதே அரிப்புத்தான். காலையில் ஒரு மருந்து, மத்தியானம் தட்டை இடம் மாற்றுவது, பின்னேரம் வெளிச்சத்தைக் கூட்டுவது என்று கை துருதுருத்தது. நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். அதைச் செய்துவிட்டு இரண்டு மூன்று நாள் பார்ப்பது. லஞ்ச் சீட்டில் ஓட்டை போடுவதுகூட அப்படித்தான். முதலில் ஊசி ஓட்டை, பிறகு விரல் நுழையும் ஓட்டை, பிறகு ஒரு ஓரத்தைத் தூக்கி விடுவது.

6. சுற்றிவளைப்பு

ஒரு நாள் விடிய வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை இரண்டு முனையிலும் மறித்துச் சுற்றிவளைத்தார்கள். எல்லோரையும் றோட்டுக்கு வரச் சொல்லி, ஒரு பாடசாலை மைதானத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். அக்கா பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தானை ஆண்கள் பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். வெயில் ஏற ஏற எனக்கு லாப் ஞாபகமாகவே இருந்தது. வேர் விட்டிருந்த கன்றுகளின் கூடாரத்தை முழுவதுமாக எடுத்துவிடுவது என்று அன்றைக்குத்தான் தீர்மானித்திருந்தோம். நான் வராவிட்டாலும் குசுமா சொன்னபடி எடுத்துவிடுவாள். அன்று பார்த்து அனல் காற்று. இலைகள் எல்லாம் கருகிவிடும். சொல்லியனுப்ப வழியில்லை.

பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “உனக்கென்ன விசரே? அவரைக் காணேல்லை எண்டு நான் இருக்கிறன், நீ வாழைக்கண்டைச் சொல்லுறாய்” என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தானைப் பின்னேரம் விட்டார்கள். அக்கா மூன்று பேருக்கும் சோறு போட்டாள்.

மறுநாள் லாப்புக்குப் படியேறினேன். உள்ளே போனால் கூடாரங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. குசுமா எடுக்கவில்லை. ஜன்னல் சாக்குகளுக்கு மட்டும் மூன்று தரம் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். கேட்டதற்கு, காற்று சரியில்லை, நீங்களும் வரவில்லை, ஒரே நாளில் இரண்டு கஷ்டம் அதுகளுக்கு வேண்டாம் என்று நினைத்தேன் என்றாள். ரேடியோவில் வெள்ளவத்தை என்று சொன்னதைக் கேட்டிருக்கிறாள். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்தாள். நானாகவே சொல்லி முடிக்கும்வரை வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

7. சோமபால

குருத்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு. சனிக்கிழமை பார்த்தபோது ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை காலையில் கூடாரத்தைத் தூக்கினால், வாடிய இலைகளுக்கு நடுவில் சுருட்டி வைத்த பச்சைக் கடதாசி போல ஒன்று நிமிர்ந்து நின்றது. பக்கத்துக் கன்றிலும் ஒன்று. ஒரு கன்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கீழே வேர் பிடித்திருந்தது.

மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனது. மிஞ்சியவை குள்ளமாக, பழைய இலையெல்லாம் மஞ்சளும் மண்ணிறமுமாக, நடுவில் மட்டும் ஒன்றிரண்டு புது இலையோடு நின்றன. விற்பனைக்கு வைக்கிற அழகு அவற்றில் இல்லை. சோமபால வருகிறார் என்று சொன்ன அன்று, காய்ந்த இலைகளை வெட்டிவிட்டால் என்ன என்று ஹாஜியார் கேட்டார். வேண்டாம், பட்டதைப் பார்க்கட்டும் என்றேன்.

சோமபால வெள்ளைச் சாரமும் நீண்ட கைச் சேர்ட்டுமாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். ராக்கைகளுக்கு முன்னால் போய் நின்றார். அவர் எதிர்பார்த்தது முழங்கை நீளத்தில் பச்சைப் பசேலென்று நிற்கிற கன்று. முகம் விழுந்துவிட்டது. நான் நடந்ததைச் சொன்னேன். சிங்களம் தடுக்கிய இடத்தில் குசுமா எடுத்துக்கொண்டாள். பொலிஸ் வந்ததையும் அவள் மறைக்கவில்லை. இவற்றில் வைரஸ் இல்லை, வேர் இருக்கிறது, ஆனால் மற்றக் கன்றுகளைவிடக் குலை தள்ளப் பிந்தும் என்று சொன்னேன். வேண்டாம் என்றால் ஹாஜியார் முற்பணத்தைத் திருப்பித் தருவார்.

அவர் ஒரு கன்றைக் கையில் எடுத்தார். பழைய இலையைத் தொடவில்லை. குருத்தை மட்டும் இரண்டு விரலால் அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், இது இந்த அறையில் வந்த இலையா, போத்தலில் வந்த இலையா என்று.

இந்த அறையில் என்றேன்.

அப்படியென்றால் என்னுடைய தோட்டத்திலும் வரும் என்றார்.

அன்றே லொறி பிடித்து எல்லாவற்றையும் ஏற்றினோம். தழைகளால் நிழல் போட்டுக் கட்டி, சோமபால தட்டுகளோடு பின்னாலேயே உட்கார்ந்து போனார். சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு தட்டையும் இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் கீழே ஹாஜியாரின் கடைக்குப் போன் எடுத்து, வழியில் சில முறிந்துவிட்டன, மற்றவை நிழலில் இருக்கின்றன என்றார். மழை தொடங்கியபின் இன்னொரு முறை எடுத்தார். நட்டாயிற்று என்ற ஒரு செய்திதான். ஹாஜியார் ரிசீவரை வைத்துவிட்டு மேலே வந்து சொன்னார். குசுமா கை கழுவப் போனாள். நெடுநேரம் குழாயடியில் நின்றாள்.

8. பிறகு

அனுமதி பல மாதம் கழித்து வந்தது. இன்ஸ்பெக்டர் போத்தல்களைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். பொலிஸ் ஒட்டிய முத்திரை உடையாமல் இருந்தது. க்ரோத் ரூமைப் பார்க்கலாமா என்று கேட்டார். காட்டினேன். போகும்போது, அன்றைக்கு உங்களுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன் என்பதுபோல ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். நானும் அதை முடித்துக்கொடுக்க முயலவில்லை. அவருடைய வேலை அது, எனக்குப் பட்டதும் பட்டதுதான்.

புது மீடியம் காய்ச்சித் தாய்க் கொத்துகளை எடுத்தோம். வெளிப்பக்கம் கறுத்திருந்தது. குசுமா கத்தியால் கறுப்பைச் சீவிச் சீவி எடுக்க, நடுவில் வெள்ளையாக உயிர் இருந்தது. எல்லாவற்றிலும் இல்லை. மறுபடி தொடங்கக் காணுமான அளவில் இருந்தது. யுத்தம் முடிந்து வெகுகாலம் வரை அந்த லாப் நடந்தது. நான் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

இப்போது வீட்டு அறைக்குள் எல்ஈடி விளக்குப் போட்டுக் கன்று வளர்க்கிற பிள்ளைகள் எனக்குப் படம் அனுப்பிக் கேட்கிறார்கள். அன்ரி, மஞ்சளாகிறது, வாடுகிறது, என்ன உரம் போடலாம் என்று. நான் முதலில் கேட்பது, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று. அநேகமாக ஒரே நாளில் நான்கு விஷயம் மாற்றியிருப்பார்கள். கன்று எதற்கு வாடியது என்று அதற்கே தெரியாது.

நான் சொல்வது இவ்வளவுதான். வெளிச்சத்தைக் குறையுங்கள். காற்றை நேரே படவிடாதீர்கள். உரத்தைத் தொடாதீர்கள். தண்ணீரை, மண் கேட்கும்போது மட்டும் கொடுங்கள். ஒன்றை மாற்றினால் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. பழுத்த இலை திரும்பப் பச்சையாகாது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம், அதை வெட்டி எறிந்து கன்றை அழகாக்கவும் வேண்டாம். அது விழுகிற நேரத்தில் தானே விழும். காலையில் ஒருமுறை போய் நடுக்குருத்தை மட்டும் பாருங்கள். அது அசையாமல் நின்றாலும் பரவாயில்லை. கறுக்காமல் இருந்தால், கன்று இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறது.